துடைத்த நாடா

அன்று கிடங்கில் இருந்தவர்கள் மூன்று பேர்: எண்ணெய்த் துறை அதிகாரி, அளவெடுக்கும் மேஸ்திரி, சாவி வைத்திருக்கும் நான்.

நாட்டின் எண்ணெய்க் கையிருப்பு முழுவதும் எங்கள் காலுக்குக் கீழே ஒரு பாறைக் குகையில் கிடந்தது. தரையில் ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு வாய். அதன் வழியாக இரும்பு நாடாவை அடிவரை இறக்குவோம். எதுவரை நனைந்து வருகிறதோ, அதை வைத்து மொத்த இருப்பைக் கணக்கிடுவார்கள்.

நாடா துளி ஈரமும் இல்லாமல் சுத்தமாக மேலே வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. “காலியா? சாயங்காலம் மந்திரிகிட்ட நான் என்னய்யா சொல்றது?”

“காலி இல்ல சார். வாடை மூக்கைத் துளைக்குது பாருங்க. யாரோ துடைச்சிருக்காங்க” என்றார் மேஸ்திரி.

மேஸ்திரிக்கு உதவியாளாக இருந்த அவர் மனைவியின் தம்பி, போன வருடம் அந்த வாய்க்குள் விழுந்தவன். உடல் கிடைக்கவில்லை. உயிரோடு இருந்தபோது, அளவைப் படிக்கும் முன்பே நாடாவைத் துடைத்துவிட்டுத் திட்டு வாங்குவான்.

மேஸ்திரி உள்ளே குனிந்தார். “டேய் மாப்ளே, படிச்சப்புறம் துடைடா. எத்தனை வாட்டிடா சொல்றது?”

மூன்றாம் முறை நாடா நனைந்து வந்தது. அதிகாரி எண்ணைக் குறித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். நானும் வெளியே வந்தேன்.

மேஸ்திரி மட்டும் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

“சீக்கிரம் வாடா. உங்கக்கா இன்னும் உனக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறா.”

சற்று நேரம் கழித்து, ஆளுக்கு வழிவிடுவதுபோல் ஒதுங்கினார்.

“பூட்டுங்க” என்றார்.

கேள்வி கேட்க எனக்குச் சம்பளம் இல்லை. கதவைச் சாத்திப் பூட்டினேன்.