சம்பூர்ணத்தின் பிள்ளை

"பெத்த புள்ளைய போலீசுல புடிச்சிக் குடுத்தவ கையால இட்லி வாங்கித் துன்ன எப்பிடித்தான் மனசு வருதோ!"

ஜெசிந்தா இதை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, போட்ட முக்காடுகூட எடுக்காமல் வந்துகொண்டிருந்தாள்.

கருங்குழி பஸ் ஸ்டாப் ஓரம் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் சம்பூர்ணம் தலை நிமிரவில்லை. பார்சலைக் கட்டி நூல் சுற்றினாள்.

பஸ்ஸுக்கு நின்ற ராகவன்தான் குறுக்கே பேசினார். "வுடு ஜெசிந்தா. அந்தப் பையன் வலி மாத்திரைய எங்கேர்ந்தோ கொண்டாந்து, காலேஜ் பசங்களுக்குப் போதைக்கு வித்துகினு இருந்தான்ல?"

"வித்தா? கூப்ட்டு ரெண்டு அறை வுட வேண்டிதுதானே அண்ணாத்த? பெத்தவளே மாத்திரப் பையத் தூக்கிக்கினு போயி, 'எம்புள்ளதான் சார், புடிச்சிக்கினு போங்க'ன்னு ஸ்டேஷன்ல நிப்பாளா? வயித்துல சொமந்தவ செய்யிற வேலையா இது?"

ராகவன் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

புருஷனைப் பறிகொடுத்த சம்பூர்ணத்துக்கு ரஞ்சித்குமார் ஒரே மகன். போன வாரம் போலீஸ் அவனை ஜீப்பில் ஏற்றியபோது, "நீ எனக்கு அம்மாவே இல்ல!" என்று அவன் கத்தியதைத் தெருவே கேட்டது. அன்றிலிருந்து தெருவும் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டது. வண்டியில் பாதி இட்லி மிஞ்சுகிறது.

ஜெசிந்தாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "என் ஜோயல் இன்னா தப்பு பண்ணியிருந்தாலும் முந்தானையில வெச்சி மூடியிருப்பேன். அப்பிடி மூடுறவதான் தாயி!"

அந்தப் பெயரைக் கேட்டதும் சம்பூர்ணம் நிமிர்ந்தாள்.

"ஜோயல் இப்ப சாப்புட்றானா?"

"எம்புள்ள பேர உன் வாயால சொல்லாத!"

சம்பூர்ணம் மறுபடி குனிந்துகொண்டாள்.

வீட்டில் ஜோயல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். காலேஜுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை, கை நடுங்குகிறது. கேட்டால் காய்ச்சல் என்கிறான். கூடவே சுற்றிய சிநேகிதன் ஜெயிலுக்குப் போன துக்கம் என்று ஜெசிந்தா நினைத்தாள். சம்பூர்ணத்தின் மேல் அவளுக்கு அத்தனை வெறுப்பு வந்ததும் அதனால்தான்.

"நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வந்துட்டேன்டா."

"யார?"

"அந்தச் சம்பூர்ணத்ததான். நாலு பேரு முன்னால, நீயெல்லாம் ஒரு தாயான்னு."

ஜோயல் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "ஐயோ, இன்னாமா பண்ணிட்டு வந்துகீற!"

முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் தோளைத் தொட்டதும் அழுகை இன்னும் பெரிதானது.

"ரஞ்சித்துகிட்ட மாத்திர வாங்குனதுல நானும் ஒருத்தன்மா."

"எப்படா?" என்றாள் ஜெசிந்தா.

"நீயும் அப்பாவும் வேளாங்கண்ணி போயிருந்தீங்கல்ல... அப்ப அவங்க வூட்டுல வெச்சித்தான் போட்டேன். அளவு மீறிப் போச்சி. பேச்சு மூச்சு இல்லாம கெடந்தேனாம். ரஞ்சித்து பயந்து ஓடிட்டான். அந்தம்மாதான் போட்டது போட்டபடி வுட்டுட்டு, ஆட்டோவுல என்னை மடியில போட்டுக்கினு செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடிச்சி. நான் கண்ணு முழிக்கிற வரைக்கும் பச்சத் தண்ணிகூட குடிக்கலியாம். வூட்டுக்கு வந்ததும் அந்தப் பைய எடுத்துக்கினு நேரா ஸ்டேஷனுக்குப் போச்சி."

"எங்கிட்ட ஏன்டா ஒரு வார்த்த சொல்லல அவ?"

"போலீசு கேட்டாகூட உம் பேரு என் வாயில வராதுன்னு சொல்லிச்சி. 'உங்கம்மாகிட்ட நீயே சொல்லு, வைத்தியம் பாத்துக்கோ, இதோட வுட்டுரு'ன்னிச்சி. எனக்குத்தான் தைரியம் வரலம்மா. இப்பகூட... அது இல்லாம இருக்க முடியல."

நடுங்கும் கைகளை அவளிடம் நீட்டினான். அவள் அவற்றைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.



"ஆஸ்பத்திரியில... பெத்தவங்க எங்கன்னு கேக்கலியாடா?"

"கேட்டாங்கம்மா. 'நான்தான் இவன் அம்மா'ன்னு சொல்லிச்சி."