இரண்டாவது மாடி

மறுநாள் மருத்துவ மாநாட்டில் பேசவேண்டிய உரையைப் பேராசிரியர் மனைவியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவள் பீன்ஸ் நறுக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை நோய் வந்தா இதயத்தோட செல்லுக்குள்ள சர்க்கரை சரியாப் போகாது. ரத்தத்துல குவிஞ்சு கிடக்கும், ஆனா உள்ளே பட்டினி. வேற வழியில்லாம செல்லு கொழுப்பை அதிகமா எரிக்கும். அதுக்கு ஆக்சிஜன் கூடுதலாச் செலவாகும். நாளாக நாளாக இதயம் களைச்சுப் போயிடும்."

"அப்படிப்பட்ட ஆளு மாடி ஏறினா மூச்சு வாங்குமா?"

"வாங்கலாம்."

"நடுவில நின்னு, போன் பாக்குற மாதிரி பாவ்லா காட்டுவாரா?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். "உங்க அண்ணனைத்தானே சொல்றே?"

"ராத்திரி எழுந்து எழுந்து தண்ணி வேற குடிக்கிறார்."

"பாத்தியா! அந்த மனுஷன் டெஸ்ட்டுன்னாலே காத தூரம் ஓடுவாரே."

"ஓடுறவங்களை என்னங்க பண்றது?"

"கையைப் பிடிச்சு உக்கார வெச்சு ரத்தம் எடுக்கணும். இதுல தயவு தாட்சண்யமே கூடாது!"

"பேச்சு பிரமாதம்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "காலையில ஏழு மணிக்கு லேப்லேருந்து ஆள் வர்றாங்க. அதுவரைக்கும் காபி கிடையாது."

"உங்க அண்ணன் இங்கேயா வர்றார்?"

"எங்க அண்ணன் வீட்டுல ஏது மாடி? தினமும் சாயங்காலம் உங்க ஷூ சத்தம்தான் ரெண்டாவது மாடியில நின்னு, இளைப்பாறி, அப்புறமா நம்ம வீட்டுக்கு ஏறி வருது."

பேராசிரியர் மெதுவாகப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.