மலையில் அரிசி வேகாது

"முத்துக்குழிவயல்ல அரிசி வேவாது. ஆளுக்கு ரெண்டு மூடு மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிட்டு வந்தா போரும்" என்றார் ஜஸ்டஸ் வாத்தியார்.

வேதக்கோயிலில் பாட்டுப் பழக்கம் முடிந்திருந்தது. பெரிய லீவில் முத்துக்குழிவயல் மலை ஏறி, உச்சியில் கூடாரம் அடித்து ரெண்டு நாள் தங்கிவிட்டு வரலாம் என்று பாடகர் குழு கூடிப் பேசிக்கொண்டிருந்தது.

சுந்தர்சிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே, வராதா? திருக்கொச்சி சர்க்கார் அரிசியை அளந்து கொடுக்கும் காலம். ஆனால் அவருக்குச் சொந்த வயல். கும்பப்பூ நெல் அறுத்து, அவித்துக் குத்திய அரிசி வீட்டில் கிடக்கிறது. மலைக்காற்றில் உட்கார்ந்து சுடச்சுடச் சோறும் கடியப்பட்டணத்துக் கருவாடும் என்று ஒரு மாதமாக எச்சில் ஊறத் திரிந்த மனுஷன்.

"ஓய் வாத்தியாரே, போன வாரம் ஆளுக்கு ஒரு படி அரிசின்னுதானே பேசினோம்?"

"பேசினோம். பெறவுதான் யோசிச்சேன். உயரம் கூடக் கூட தண்ணிக்குச் சூடு பத்தாது. அங்க அடிக்குற காத்துல அடுப்பும் நிக்காது. கிழங்குன்னா குழி தோண்டி, கனலுக்குள்ள போட்டுச் சுட்டுத் தின்னலாம்."

சயன்ஸ் வாத்தியாரை யார் மறுத்துப் பேசுவது? எல்லாரும் முனகிக்கொண்டே தலையாட்டினார்கள்.

ஏற்கெனவே ஒரு குறை. குழுவிலேயே நல்ல குரல் ஞானதாசனுக்கு. அவனோ வயித்துக்கடுப்பு, நான் வரல என்று போன வாரமே ஒதுங்கிவிட்டான். பாட்டும் போச்சு, சோறும் போச்சு என்றால் எதற்கு மலை ஏற வேண்டும்?

"மேல உள்ள வாச்சரையே கேட்டுட்டு வாறேன். அப்பறம் பாப்போம்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் சுந்தர்சிங்.

அடுத்த சந்தை நாளில் காலையிலேயே வாச்சர் ஐயப்பன் அகப்பட்டான். காட்டில் காவலிருப்பவன், சாமான் வாங்க இறங்கி வந்திருந்தான்.

"ஐயப்பா, மேல அரிசி வேவுமா?"

ஐயப்பன் சிரித்துவிட்டான். "பின்ன நான் அங்க என்னத்தையாக்கும் தின்னுட்டுக் கிடக்கேன்? கொஞ்சம் நேரம் கூடும். ரெண்டு கல்லை மறைவா வச்சா காத்து என்ன செய்யும்?"

சுந்தர்சிங்குக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாயங்காலம் எல்லார் முன்னாலும் வாத்தியாருடைய சயன்ஸைக் கிழித்துத் தொங்கவிட வேண்டியதுதான்.

திரும்பும் வழியில் ஞானதாசன் வீடு. தறிச் சத்தம் இல்லை, பாட்டுச் சத்தம்தான் கேட்டது. பின்னால் போய்ப் பார்த்தால், ஆள் பாடிக்கொண்டே மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருக்கிறான்.

"வயித்துக்கடுப்பு மாறிட்டு அண்ணாச்சி. நானும் மலைக்கு வாறேன். நல்ல கிழங்கா எடுத்து வைக்கேன்."

அவன் மனைவி தேவகனி தண்ணீர் கொண்டுவந்தவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கடுப்பும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நூலு கிடைக்காம தறி ஓடல. ரேஷன் அரிசி பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கே எட்டல. ஒரு படிக்கு அவரு எங்க போவாரு? யாரும் தந்தாலும் வாங்க மாட்டாரு. நல்ல வேளை, மலையில அரிசி வேவாதுன்னு ஆச்சு. அதைக் கேட்டதுலேருந்து ஒரே பாட்டுதான்."

சுந்தர்சிங் தண்ணீரைக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்.

சாயங்காலம் கோயிலில் குழுவிலிருந்த நேசமணிதான் ஆரம்பித்தான். "என்ன அண்ணாச்சி, வாச்சரைக் கேட்டேரா?"

எல்லாரும் திரும்பினார்கள், ஞானதாசனும்தான். ஜஸ்டஸ் வாத்தியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டேன். வேவாதாம். ரெண்டு மணிக்கூர் எரிச்சாலும் நறுக்கு நறுக்குன்னுதான் கிடக்குமாம். சார் சொன்னதுதான் சரி."

கோயிலுக்குள் நின்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு, மனசுக்குள் ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

வாத்தியார் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தார். பாவம், தான் உளறினது உண்மையாகிப்போச்சு என்று அவருக்கே நம்ப முடியவில்லை போலிருக்கிறது. போகட்டும், அவர் அறியாமல் செய்த நல்ல காரியத்தை அறிந்து காப்பாற்றியது நாமல்லவா என்று சுந்தர்சிங்குக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வாசல் தாண்டின பிறகுதான் திக்கென்றது. மேலே ஐயப்பன் தினமும் கஞ்சி வைக்கிறானே. ஞானதாசன் அதைப் பார்த்துவிட்டால்?

சந்தைக்கு வந்தால் ஐயப்பன் தங்குவது தங்கச்சி வீட்டில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே ஓடினார்.

"ஐயப்பா, நாங்க மேல இருக்குற ரெண்டு நாளும் நீ கஞ்சி வைக்கக் கூடாது. யாரு கேட்டாலும் இங்க அரிசி வேவாதுன்னு சொல்லணும். ஒனக்குச் சேத்துக் கிழங்கு நாங்க தாறோம். சத்தியம் பண்ணு."

ஐயப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒங்க ஆளுவளுக்கு என்னதான் ஆச்சு அண்ணாச்சி? மத்தியானந்தான் ஜஸ்டஸ் சார் வந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு இதே சத்தியத்தை வாங்கிட்டுப் போனாரு."