சனிக்கிழமை ப்ளக்

இந்தச் சனிக்கிழமையும் மீன்தொட்டி ஹீட்டரின் ப்ளக் கழன்று கிடந்தது.

வேலை முடிந்து வீடு திரும்பிய எலக்ட்ரீஷியன் பையைத் தரையில் போட்டான். இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தவனுக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை.

“நான் தொட்டி கழுவுற அன்னைக்குப் பார்த்து வாராவாரம் இதே கதையா? தண்ணி ஆறினா மீனுக்குச் சீக்கு வரும்னு எத்தனை தடவை சொல்றது?”

“தூசி தட்டும்போது கழட்டினேன், மறந்துட்டேங்க,” என்றாள் மனைவி.

“இருபது வருஷமா கரன்ட்டோட குடித்தனம் நடத்துறவன் நான். இனிமே நீ ஹீட்டர் பக்கமே போகாதே.”

அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஹீட்டரின் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

‘அவ இல்லேன்னாதான் எல்லாம் உருப்படியா இருக்கு.’

தூக்கம் கண்ணைச் சுழற்ற, வழக்கம்போல் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் பாசியைத் தேய்க்கக் கையை விட்டான். நீருக்கு வெளியே சூடேறிக்கொண்டிருந்த ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்மேல் தண்ணீர் தெறித்தது. படக்கென்று விரிசல் விட்டது. அடுத்த நொடி ஷாக் அடித்து அவன் சுவரோரம் கிடந்தான். மெயின் சுவிட்ச் தானாக அணைந்து விசிறி நின்றது.

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தான்.

“வந்துட்டீங்களா?” என்றாள் மனைவி. “தொட்டியில கைய விட்டுடாதீங்க. நீங்க வர்றதுக்குள்ள ப்ளக்கக் கழட்டி வைக்க இன்னைக்கு நான் அங்க இல்ல.”