இன்னொரு கை

"முகம் எங்கேம்மா?"

கலுவா சார் கேட்டதும் வகுப்பே சிரித்தது. திரையில் பதினோரு படங்கள். பதினொன்றிலும் ஒரு சின்னப் பெண்ணின் முதுகுதான் தெரிந்தது.

மலாவி நாட்டின் பிளான்டயர் நகரில் இருந்த அந்தக் கல்லூரியின் மார்க்கெட்டிங் மூன்றாம் ஆண்டுக்கு இதுதான் பெரிய பாடம். ஒவ்வொரு குழுவும் ஒரு தொண்டு அமைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜனங்கள் எதைப் பார்த்து மனம் இளகுகிறார்கள் என்று ஊரெல்லாம் கேட்டு ஆராய வேண்டும். கடைசியில் போஸ்டர் போட்டு நிதி திரட்டிக் கொடுக்க வேண்டும். திவோங்கேயின் குழு, வெள்ளத்தில் பெற்றவர்களை இழந்த பிள்ளைகளின் காப்பகத்தை எடுத்திருந்தது. அங்கே சமையல்கட்டு இடிந்து கிடந்தது. படம் எடுக்கும் பொறுப்பு திவோங்கேயுடையது.

"சார், அந்தப் பாப்பா ஒழுங்காத்தான் நின்னுச்சு. இவதான் திரும்பி நிக்கச் சொன்னா," என்றான் குழுத் தலைவன் பிளெஸ்ஸிங்ஸ். "சந்தை சந்தையா அலைஞ்சு நூத்திருபது பேரைக் கேட்டோம். முகத்தைப் பாத்தாத்தான் கொடுக்கத் தோணும்னு சொல்றாங்க. முதுகுக்கு யாரு சார் ஒரு குவாச்சா காசு போடுவா?"

மறுபடியும் சிரிப்பு. திவோங்கே தன் படங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கலுவாவுக்கு எரிச்சலாக வந்தது. கெட்டிக்காரப் பெண். உதவித்தொகையில் படிக்கிறவள். இந்தப் பாடத்தில் கோட்டை விட்டால் அது போய்விடும். தெரிந்தும் இப்படி அடம் பிடிக்கிறாளே என்று இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முகத்தோட படம் வரணும். இல்லேன்னா உனக்கு மட்டும் ஃபெயில்தான். இப்ப எல்லாரும் இதைப் பாருங்க."

திரையில் அவருடைய போஸ்டர் வந்தது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் விளம்பரக் கம்பெனியில் இருந்தபோது அவரே எடுத்து, அவரே எழுதியது. ஊர் ஊராக ஒட்டினார்கள். ஏழு வயசுப் பெண் ஒருத்தி. கீழே, 'எஸ்தருக்கு ஒரு கூரை' என்று எழுத்து. வலது கை நீண்டிருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. வருஷா வருஷம் மூன்றாம் ஆண்டுக்கு இதைக் காட்டுவார்.

"அந்த இன்னொரு கையைப் பாருங்க. நம்ம பிள்ளைங்க எதை வாங்கினாலும் ரெண்டு கையையும்தானே நீட்டும்? இவ ஒண்ணைத்தான் நீட்டுறா. ஏன்? வெட்கம். கேக்கவும் வேணும், கேக்கக் கூசவும் கூசுது. அந்தக் கூச்சத்துக்குத்தான் ஜனங்க அள்ளிக் கொடுத்தாங்க. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்து வராது."

சொல்லும்போது அவருக்கே மனம் இளகியது. ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் இளகும்.

மணி அடித்தது. எல்லாரும் போன பிறகும் திவோங்கே போகவில்லை.

"என்னம்மா, படம் எடுத்துட்டு வர்றியா?"

"முகத்தை எடுக்க மாட்டேன் சார். ஃபெயில் போட்டுக்குங்க."

"இதென்ன திமிர்? அந்தப் பிள்ளைங்க மழையில நனைஞ்சுக்கிட்டே சாப்பிடுதே, உனக்கு அக்கறை இல்லையா?"

"இருக்கு சார். அதுக்கு வேற வழி தேடுறேன்." அவள் திரையைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு வெட்கப்படலை சார்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பின்னாடி இருக்கிற கையில மண்டாசிப் பலகாரம் இருந்துச்சு. அப்பத்தான் எண்ணெயில இருந்து எடுத்தது. கை சுட்டுச்சு. 'பின்னாடி மறைச்சுக்கோ, சிரிக்காம நின்னா அப்புறம் சாப்பிடலாம்'னு நீங்கதான் வாங்கிக் கொடுத்தீங்க."

கலுவா திரையைப் பார்த்தார். தெருமுனைக் கடையில் மண்டாசியைக் காகிதத்தில் சுற்றி வாங்கியது மெல்ல ஞாபகத்துக்கு வந்தது. வெட்கம், வெட்கம் என்று இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி, அதை அவர் மறந்தே போயிருந்தார்.

"அப்ப எஸ்தர்ங்கறது..."

"நீங்க வெச்ச பேரு சார்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பணத்துலதான் எங்களுக்குக் கூரை வந்துச்சு. இல்லேன்னு சொல்லலை," என்றாள் திவோங்கே. குரலில் கோபம் இல்லை. "ஆனா போஸ்டர் பஸ் ஸ்டாண்டுல மூணு வருஷம் இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடலை. 'ஒத்தக்கை'ன்னுதான் கூப்பிட்டாங்க. பெரியவங்ககிட்ட ஒத்தக் கையை நீட்டின மரியாதை தெரியாத பொண்ணாம். கணக்குல முதலா வந்தப்பவும் 'ஒத்தக்கை வந்துட்டா'ன்னாங்க."

கலுவா கையை நீட்டித் திரையை அணைத்தார்.

"போன வாரம் அந்தப் பாப்பாவை நிக்க வெச்சேன். 'சிரிக்கக் கூடாதுதானே அக்கா'ன்னு கேட்டுச்சு. அதுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை சார். அதான் திரும்பி நிக்கச் சொல்லிட்டேன்."

கலுவா மெதுவாகக் கேட்டார்.

"வகுப்பே உன்னைப் பாத்துச் சிரிச்சுது. நானும் ஃபெயில்னு மிரட்டினேன். அப்பவே எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லியிருக்கலாமேம்மா?"

திவோங்கே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா நாப்பது பேரும் உங்க முகத்தையே பாத்திருப்பாங்க சார். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."