பெரிய வெள்ளிச் சட்டை

மனைவி பிலோமினா இறந்த பிறகு வரும் முதல் பெரிய வெள்ளி. கோயிலுக்குப் போட்டுப்போக மரியசூசையிடம் கறுப்புச் சட்டை இல்லை. பழுப்பேறிய வெள்ளைச் சட்டை ஒன்றை, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த கறுப்புச் சாயத்தில் முக்கிக் கிளறினார். "இத்தனை வருசத்துல ஒரு கிழிசல் உண்டா பாரு" என்று ஊரெல்லாம் பெருமை பேசிய சட்டை அது.

அலசிக் கொடியில் விரித்தவரின் கை அப்படியே நின்றுவிட்டது. துணி நன்றாகக் கறுத்திருந்தது. ஆனால் முதுகுப் பக்கம், தோளிலும் அக்குளிலும் இடுப்பிலும் பொடிப்பொடியாக வெள்ளைத் தையல்கள். எல்லாம் கைத்தையல்.

மகள் ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"அம்மா தைச்சது பாலியெஸ்டர் நூல்ப்பா. அதுல சாயம் பிடிக்காது."

"இதெல்லாம் எப்போ தைச்சா?"

"கிழியும்போதெல்லாம், உங்களுக்குத் தெரியாம. தெரிஞ்சா, அடிச்சுத் துவைச்சே கிழிச்சிட்டியேன்னு நீங்க ஏசுவீங்கல்லா." அவள் வெள்ளைத் தையல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "மார்க்கர் வச்சுக் கறுப்பாக்கிரட்டுமாப்பா?"

"வேண்டாம்."

கோயிலில் எப்போதும் கடைசியில், சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பவர் மரியசூசை. அன்று எல்லாருக்கும் முன்னால் போய் முழந்தாளிட்டார்.