வெர்னனின் கணினி

பகா எண் தேடுகிறவர்கள் இரண்டாவது கணினியும் சோதிக்கும்வரை வாய் திறக்கமாட்டார்கள். லொரெட்டா அவசரக்குடுக்கை. முதல் கணினியில் பூஜ்யம், அதாவது 'பகா எண்தான்' என்ற விடை, வந்ததுமே, இரண்டு கோடி இலக்கமுள்ள பகா எண் கிடைத்துவிட்டதென்று மிசூரிக் கல்லூரி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். இரண்டாவது கணினியின் முடிவுக்காகப் பன்னிரண்டு நாளாக மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தாள்.

வியாழன் காலை மின்னஞ்சல் வந்தது. மறுசோதனையிலும் பூஜ்யம், அது பகா எண்தான். சோதித்தது: இதே அறையில் வேலை பார்த்த வெர்னன் ஹட்சலின் கணினி.

"அப்பாடா, மானம் பொழச்சுது!"

அறையைப் பகிரும் டுவைட் நிமிர்ந்தான். "வெர்னன் மார்ச்சுலயே செத்துப் போயிட்டாரே லொரெட்டா! அவரு மெஷின் இதோ மூலையில கெடக்கு. வயரைக்கூட நான்தான் உருவினேன்."

"யாரு சோதிச்சா என்ன? நீ போய்க் காப்பி கொண்டா."

வெர்னன் அந்தக் கணினியின் மேல் வைத்துத்தான் டோனட்டைச் சூடாக்குவார். லொரெட்டாவும் தன் சாக்லேட் டோனட்டை அங்கே வைத்தாள்.

காப்பி வருவதற்குள் சாக்லேட் உருகி வழிந்திருந்தது.